பழைய பேட்டரி எங்கே போகிறது?

பொழுது விடிந்துவிட்டது. குடும்பம் முழுவதும் புறப்பட்டு நிற்கிறது. பாட்டி பூக்கூடையை மடியில் வைத்துக்கொண்டு பின் சீட்டில் உட்கார்ந்துவிட்டாள். ஓசூர் மலைமேல் சந்திரசூடேசுவரரைத் தரிசிக்கவேண்டும். பிறகு கெலவரப்பள்ளி அணைக்குப் போகவேண்டும். அங்கே கட்டுச்சோறு. இதுதான் திட்டம்.

கார் வீட்டுக்குப் புதிது. ஆனால் பழைய கார். பெங்களூரில் ஒருவர் ஓட்டியது. வாங்கி ஒரு மாதம்தான் ஆகிறது.

குடும்பத் தலைவர் பொத்தானை அழுத்துகிறார். சத்தம் இல்லை. மறுபடியும் அழுத்துகிறார். எதிரே உள்ள விளக்குகள் மங்கலாக மின்னி அணைகின்றன.

"இறங்கித் தள்ளட்டுமா?" என்று கேட்கிறார் தாத்தா.

"தள்ளினால் ஓடுகிற வண்டி இல்லை, அப்பா. இது ஹைபிரிட் கார்" என்கிறார் மகன்.

பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்க்கிறார். "பேட்டரி போய்விட்டதா? அடடா! ஹைபிரிட் பேட்டரி என்றால் லட்சக்கணக்கில் ஆகுமே!" என்கிறார்.

வீடே இடிந்து உட்கார்ந்துவிடுகிறது.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் பழைய ஹைபிரிட் கார் வாங்கிய எந்த வீட்டிலும் இது நடக்கலாம். நடந்தால் பயப்படவேண்டியது இல்லை. பெரும்பாலும் கெட்டுப்போனது லட்ச ரூபாய்ப் பேட்டரி அல்ல. சில ஆயிரம் ரூபாய் விலையுள்ள சின்னப் பேட்டரிதான்.

அதை மாற்றினால் கார் கிளம்பிவிடும். ஆனால் கதை அங்கே முடிவதில்லை. காரிலிருந்து இறக்கிய பழைய பேட்டரி எங்கே போகிறது? ஒவ்வொரு குடும்பமும் கேட்கவேண்டிய கேள்வி இது.

இரண்டு பேட்டரிகள்

ஹைபிரிட் கார் என்றால் என்ன? பெட்ரோல் என்ஜினும், மின்சார மோட்டாரும் சேர்ந்து இழுக்கும் கார். மெதுவாகப் போகும்போது பெரும்பாலும் மோட்டார் இழுக்கும். வேகம் கூடும்போது என்ஜின் கைகொடுக்கும். பிரேக் போடும்போது வீணாகும் சக்தியில் ஒரு பகுதி மின்சாரமாகித் திரும்பி வரும். அதனால் பெட்ரோல் மிச்சம்.

1997-ம் ஆண்டில் ஜப்பானில் டொயோட்டா நிறுவனம் 'பிரியஸ்' காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஏராளமாகத் தயாரித்து விற்கப்பட்ட முதல் ஹைபிரிட் கார் அதுதான். 2022-ம் ஆண்டில் கிராண்ட் விட்டாரா, ஹைரைடர் என்ற ஹைபிரிட் கார்கள் இந்தியாவில் வந்தன. அவை உருவாவது வெகு தூரத்தில் அல்ல. பெங்களூருக்கு அப்பால், மைசூர் சாலையில் உள்ள பிடதியில்தான். அந்தக் கார்கள் இப்போது கைமாறத் தொடங்கிவிட்டன. ஓசூர் பக்கம் பழைய கார் தேடுகிறவர்கள் பெங்களூருக்குப் போவது வழக்கம்தானே!

இந்தக் கார்களில் இரண்டு பேட்டரிகள் உண்டு.

ஒன்று, பெரியது. 100 வோல்ட்டுக்கு மேல் அழுத்தம் உள்ளது. சில கார்களில் 200 வோல்ட்டையும் தாண்டும். மோட்டாரை ஓட்டுவது இதுதான். தொட்டால் உயிருக்கு ஆபத்து. அதன் கம்பிகளுக்கு ஆரஞ்சு நிற உறை போட்டிருப்பார்கள். ஆரஞ்சு நிறக் கம்பியைக் கண்டால் கை வைக்கவே கூடாது.

இன்னொன்று, சின்னது. சாதாரணக் கார்களில் உள்ள அதே 12 வோல்ட் பேட்டரி. உள்ளே 6 அறைகள். ஒவ்வோர் அறையிலும் ஈயத் தகடுகள், கந்தக அமிலம். பிரான்சு நாட்டு விஞ்ஞானி கஸ்தோன் பிளாந்தே 1859-ம் ஆண்டில் கண்டுபிடித்த முறை. 160 ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் மூலப்பொருள் மாறவில்லை. ஈயம்தான்.

பெரியவனை எழுப்பும் சின்னவன்

பெரிய பேட்டரி இருக்கும்போது சின்னது எதற்கு?

பெரிய பேட்டரி ஒரு பூட்டிய அறைக்குள் தூங்கும் பயில்வானைப்போல. கார் நிற்கும்போது அதன் இணைப்பு துண்டிக்கப்பட்டிருக்கும். பாதுகாப்புக்காக அப்படி வைத்திருக்கிறார்கள். பொத்தானை அழுத்தியதும் காரில் உள்ள சிறு கம்ப்யூட்டர்களை எழுப்பவேண்டும். பூட்டைத் திறந்து பெரிய பேட்டரியை இணைக்கவேண்டும். அந்த வேலையைச் செய்வது சின்னப் பேட்டரி.

சாவிக்காரன் படுத்துவிட்டால் பயில்வானால் என்ன செய்ய முடியும்? பெரிய பேட்டரி நிறைய மின்சாரம் இருந்தாலும், கார் அசையாது. தள்ளினாலும் கிளம்பாது.

சாதாரணக் கார் முன்கூட்டியே எச்சரிக்கும். பேட்டரி பலவீனமானால் காலையில் என்ஜின் முக்கும், முனகும். ஹைபிரிட் கார்களில் பெரும்பாலும் என்ஜினைச் சுழற்றுவது பெரிய பேட்டரியின் வேலை. ஆகவே முக்கல் இல்லை, முனகல் இல்லை. நேற்று ஓடியது, இன்று ஓடாது. அவ்வளவுதான்!

கைமாறும்போது காயும் பேட்டரி

பழைய கார் வாங்கியவர்களுக்கு ஏன் இந்தத் தொல்லை?

கார் சும்மா நின்றாலும் கடிகாரம் ஓடுகிறது. திருட்டு எச்சரிக்கை மணி விழித்திருக்கிறது. சாவியின் சமிக்ஞையைக் கேட்கும் கருவி காத்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் மின்சாரம் தருவது சின்னப் பேட்டரி. கார் ஓடும்போது, பெரிய பேட்டரியிலிருந்து அதற்கு மின்சாரம் ஏறும். நிறுத்திவிட்டால் ஏறாது. இறங்கிக்கொண்டே இருக்கும்.

விற்பனைக்கு வந்த கார், வியாபாரியின் கொட்டகையில் வாரக்கணக்கில் நிற்கிறது. வாங்கிய பிறகும் நிற்கிறது. கர்நாடகத்தில் பதிவான காரைத் தமிழ்நாட்டுக்கு மாற்றத் தடையில்லாச் சான்று வேண்டும். வரி கட்டவேண்டும். ஆவணம் கைக்கு வரும்வரை வண்டியை வெளியே எடுக்கப் பலர் தயங்குவார்கள்.

மின்சாரம் வற்றிய நிலையில் நெடுநாள் கிடந்தால், ஈயத் தகடுகளின்மீது உப்பைப்போல ஒரு படலம் இறுகிவிடும. பிறகு எவ்வளவு ஏற்றினாலும் பேட்டரி பழைய பலத்துக்கு வராது.

ஆகவே பழைய ஹைபிரிட் கார் வாங்குகிறவர்கள் இரண்டு கேள்விகளைக் கேட்கவேண்டும். சின்னப் பேட்டரி எந்த ஆண்டில் போட்டது? இப்போது அதில் எத்தனை வோல்ட் இருக்கிறது?

ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12.2 காட்டினால் பாதிதான் மீதி. 12-க்குக் கீழே போனால் ஏறக்குறைய காலி. சாதாரண வோல்ட் மீட்டர் வைத்து ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். இந்தப் பேட்டரிகள் பொதுவாக 3 முதல் 5 ஆண்டுகள் உழைக்கும். அந்த வயதைத் தாண்டியிருந்தால், காலை வாரும்வரை காத்திருக்காமல் மாற்றிவிடுவது நல்லது.

பெரிய பேட்டரியைப் பற்றிய பயமும் வேண்டாம். பிடதியில் தயாராகும் டொயோட்டா ஹைபிரிட் கார்களின் பெரிய பேட்டரிக்கு 8 ஆண்டுகள் அல்லது 1,60,000 கிலோமீட்டர், இதில் எது முதலில் வருகிறதோ அதுவரை உத்தரவாதம் உண்டு. கார் வாங்கும்போது அந்தத் தாளையும் கேட்டு வாங்கிக்கொள்ளவேண்டும்.

மாற்றும்போது கவனம்

பேட்டரி கடையில் "12 வோல்ட் ஒன்று கொடுங்கள்" என்று கேட்டால் போதாது. சில ஹைபிரிட் கார்களில் சின்னப் பேட்டரி என்ஜின் பக்கம் இருக்காது. பின்னால், சாமான் வைக்கும் இடத்தில் இருக்கும். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவரக்கூடும். அது தீப்பற்றும் வாயு. ஆட்கள் உட்காரும் பகுதிக்குள் அது வரக் கூடாது. ஆகவே இந்தக் கார்களுக்கு மூடிய வகைப் பேட்டரி உண்டு. வாயுவை வெளியே விடச் சிறு குழாயும் உண்டு. விலை குறைவு என்று வேறு வகையைப் போடக் கூடாது. குழாயை மாட்ட மறக்கவும் கூடாது.

பழகிய மெக்கானிக் செய்வதே நல்லது. ஆனாலும் முறையைத் தெரிந்துவைத்துக்கொண்டால் தவறு நடக்காது.

முதலில் காரை முழுவதும் அணைக்கவேண்டும். சாவியைத் தூரத்தில் வைக்கவேண்டும். சில நிமிடங்கள் பொறுக்கவேண்டும். மோதிரம், கைக்கடிகாரம் இருந்தால் கழற்றிவிடவேண்டும்.

கழற்றும்போது கறுப்புக் கம்பி முதலில். அதாவது 'மைனஸ்'. பிறகு சிவப்பு. மாட்டும்போது சிவப்பு முதலில், கறுப்பு கடைசியில். இரண்டையும் இடம் மாற்றி மாட்டினால், விலை உயர்ந்த மின்கருவிகள் நொடியில் கருகிவிடும்.

பேட்டரி பின்னால் உள்ள காரில் இன்னொரு சங்கடம். சில கார்களில் பின்கதவு மின்சாரத்தில் திறப்பது. பேட்டரியைக் கழற்றிவிட்டுக் கதவைச் சாத்தினால் மறுபடியும் திறக்காது!

அவசரத்துக்கு வேறு காரிலிருந்து கம்பி இழுத்து ஹைபிரிட் காரை எழுப்பலாம். அதற்கென உள்ள இடத்தைக் கார்ப் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளவேண்டும். ஆனால் ஹைபிரிட் காரிலிருந்து கம்பி இழுத்து வேறு காரையோ லாரியையோ எழுப்பக் கூடாது என்று பல கார்ப் புத்தகங்கள் எச்சரிக்கின்றன.

அரை மணி நேர வேலை. கார் கிளம்பிவிட்டது. பாட்டியின் முகத்தில் சிரிப்பு.

கீழே தரையில், பத்து கிலோ அளவில் ஒரு கறுப்புப் பெட்டி கிடக்கிறது.

நூறு ரூபாய் ஆசை

அந்தப் பெட்டியின் எடையில் பாதிக்கு மேல் ஈயம். ஈயத்துக்கு விலை உண்டு. ஆகவே பழைய பேட்டரியை யாரும் தெருவில் எறிவதில்லை. அதைத் தேடி ஆள் வருவார்கள்.

புதுப் பேட்டரி விற்கும் கடைக்காரர், பழையதை எடுத்துக்கொண்டு விலையில் ஒரு தொகையைக் கழிப்பார். தெருவில் வரும் பழைய இரும்பு வியாபாரி நூறு ரூபாய் கூடத் தருகிறேன் என்பார். எந்தக் குடும்பத்துக்கும் நூறு ரூபாய் நூறு ரூபாய்தான். ஆசை வருவது இயற்கை.

ஆனால் அந்த நூறு ரூபாய் எங்கிருந்து வருகிறது?

அனுமதி பெற்ற ஆலையில் புகையை வடிகட்ட இயந்திரம் வேண்டும். அமிலத்தை முறிக்கத் தொட்டி வேண்டும். தொழிலாளிக்கு முகமூடி வேண்டும், இரத்தப் பரிசோதனை வேண்டும். எல்லாம் செலவு. திருட்டு அடுப்பில் இது எதுவும் இல்லை. கோடரியால் பெட்டியைப் பிளக்கிறார்கள். அமிலத்தை மண்ணில் கொட்டுகிறார்கள். ஈயத் தகடுகளைத் திறந்த அடுப்பில் உருக்குகிறார்கள். புகை காற்றோடு போகிறது. தூசி தொழிலாளியின் சட்டையோடு வீட்டுக்குப் போகிறது.

அந்த வீட்டில் குழந்தை இருக்கிறது. அப்பா வந்ததும் ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறது.

ஈயம் குழந்தைகளின் மூளையைத் தாக்கும் நஞ்சு. படிப்பு ஏறாது. கவனம் நிற்காது. இரத்தம் குறையும். பெரியவர்களுக்கு இரத்த அழுத்தமும் சிறுநீரகக் கோளாறும் வரும். கர்ப்பிணியின் உடலில் உள்ள ஈயம் வயிற்றுப் பிள்ளையையும் எட்டும். 'இவ்வளவு ஈயம் இருந்தால் பரவாயில்லை' என்று சொல்லக்கூடிய அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

நூறு ரூபாயைக் கொடுப்பவர் இரும்பு வியாபாரி அல்ல. அந்தக் குழந்தைதான்!

18 குழந்தைகள்

இது வீண் பயம் அல்ல. ஆப்பிரிக்காவில் செனகல் நாட்டின் தலைநகரம் டாக்கர். அதன் புறநகர் தியாரோய். அங்கே மக்கள் பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் எடுத்துப் பிழைத்தார்கள். ஈயம் கலந்த மண்ணைச் சாக்கில் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சலித்தார்கள். 2007-ம் ஆண்டு நவம்பர் முதல் 2008-ம் ஆண்டு மார்ச் வரை அந்த ஒரே இடத்தில் 18 சிறு குழந்தைகள் இறந்தார்கள். ஈயந்தான் காரணம் என்று பின்னர் ஆராய்ச்சியில் தெரிந்தது.

2020-ம் ஆண்டில் ஐ.நா. குழந்தைகள் நிதியமான யுனிசெப் ஓர் அறிக்கை வெளியிட்டது. உலகில் மூன்று குழந்தைகளில் ஒரு குழந்தையின் இரத்தத்தில் கவலைப்படத்தக்க அளவு ஈயம் இருக்கிறது என்று அது மதிப்பிட்டது. மொத்தம் 80 கோடிக் குழந்தைகள். அவர்களில் ஏறத்தாழ 27½ கோடிப் பேர் இந்தியக் குழந்தைகள். பழைய பேட்டரிகளை முறையின்றி உருக்குவது இதற்கு ஒரு பெரிய காரணம் என்று அந்த அறிக்கை கூறியது.

ஒரு காலத்தில் பெட்ரோலிலும் ஈயம் கலந்தார்கள். 2000-ம் ஆண்டில் இந்தியா முழுவதும் அது நிறுத்தப்பட்டது. புகைக்குழாய் வழியே துரத்திய நஞ்சை, திருட்டு அடுப்பு வழியே திரும்ப அழைக்கலாமா? அதுவும், புகை குறையட்டும் என்று ஹைபிரிட் கார் வாங்கிய வீடு அதற்குத் துணைபோகலாமா?

அணை சொல்லும் பாடம்

கெலவரப்பள்ளிக்கு இது நன்றாகவே புரியும்.

தென்பெண்ணை ஆறு கர்நாடகத்தில் நந்தி மலைப் பகுதியில் பிறக்கிறது. தமிழ்நாட்டுக்குள் நுழைந்ததும் அதன் தண்ணீரைத் தேக்குவது கெலவரப்பள்ளி அணை. 44.28 அடி உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும். பல ஆயிரம் ஏக்கர் நிலத்துக்குப் பாசனம். ஆறு பிறகு கிருஷ்ணகிரி அணைக்கும், சாத்தனூர் அணைக்கும் போகிறது. கடைசியில் கடலூர் அருகே கடலில் கலக்கிறது.

அணையிலிருந்து தண்ணீர் திறக்கும்போது வெள்ளை நுரை மலைபோல் பொங்குவதைப் பல ஆண்டுகளாக மக்கள் பார்த்துவருகிறார்கள். காற்றில் பறந்து சாலையிலும் வயலிலும் படிகிறது. மேலே உள்ள நகரத்தின் கழிவுநீர், தொழிற்சாலைக் கழிவு ஆகியவைதான் காரணம் என்று விவசாயிகள் குமுறுகிறார்கள். அந்தக் குமுறல் நியாயமானது. எவரோ செலவை மிச்சம் பிடிக்கிறார். எவரோ அதன் பலனை அனுபவிக்கிறார்.

நுரை கண்ணுக்குத் தெரிகிறது. ஈயம் தெரியாது. நிறம் இல்லை, வாடை இல்லை. மண்ணில் விழுந்தால் பல பத்தாண்டுகள் அப்படியே இருக்கும்.

மேலே இருப்பவர்கள் நஞ்சை அனுப்பக் கூடாது என்று கேட்கும் ஊர், தன் கொல்லையிலிருந்து பிறருக்கு நஞ்சை அனுப்பலாமா? கூடாது. கடலூர்வரை போகும் ஆறு இது. கெலவரப்பள்ளிக்குக் கீழேயும் ஊர்கள் இருக்கின்றன.

ஓசூரால் முடியும்

ஈயத்துக்கு ஒரு நல்ல குணமும் உண்டு. எத்தனை முறை உருக்கினாலும் அதன் தரம் கெடாது. முறையான ஆலையில் உருக்கினால் பழைய பேட்டரியின் ஈயம் புதுப் பேட்டரியாகிவிடும்.

சட்டமும் இருக்கிறது. பழைய பேட்டரிகளைத் திரும்ப வாங்குவது பற்றி 2001-ம் ஆண்டிலேயே மத்திய அரசாங்கம் விதிகள் செய்தது. 2022-ம் ஆண்டு ஆகஸ்டில் புதிய விதிகள் வந்தன. விற்ற பேட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு உற்பத்தியாளருடையது. பழைய பேட்டரியைக் குப்பையோடு சேர்க்காமல் உரிய இடத்தில் ஒப்படைக்கும் பொறுப்பு வாங்கியவருடையது. பேட்டரியின்மேல் ஒரு படம் இருக்கும். குப்பைத் தொட்டியின் குறுக்கே அடித்த கோடு. 'இதைக் குப்பையில் போடாதே' என்று அதற்குப் பொருள்.

ஓசூர் வாகனத் தொழிலின் ஊர். மோட்டார் சைக்கிள் இங்கே உருவாகிறது. லாரி உருவாகிறது. மின்சார ஸ்கூட்டர் உருவாகிறது. எக்சைடு நிறுவனத்தின் பேட்டரித் தொழிற்சாலையும் இங்கே இருக்கிறது. பேட்டரியைப் பற்றி அறிந்த தொழிலாளர்கள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். நாட்டுக்கே வழிகாட்ட வேறு ஊர் வேண்டுமா?

பழைய கார் வியாபாரிகள் ஒன்று செய்யட்டும். விற்பனைச் சீட்டில் சின்னப் பேட்டரியின் வயதையும் வோல்ட்டையும் எழுதிக் கொடுக்கட்டும். இரண்டு வரி வேலைதான்.

பேட்டரி கடைக்காரர்கள் ஒன்று செய்யட்டும். பழைய பேட்டரிக்கு என்ன தொகை கழிப்போம் என்பதைப் பலகையில் எழுதி மாட்டட்டும். வாங்கிய பழையதற்கு ரசீது கொடுக்கட்டும்.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் ஓசூர் மாநகராட்சியும் ஒன்று செய்யட்டும். பேட்டரிகளைத் திரும்ப வாங்கும் இடங்களை மக்களுக்குத் தெரியும்படி அறிவிக்கட்டும். திருட்டு அடுப்புகளை அணைக்கட்டும். அந்த அடுப்பை நம்பிப் பிழைக்கும் ஏழைத் தொழிலாளியை வெறுங்கையோடு துரத்திவிடக் கூடாது. பேட்டரிகளைச் சேகரிக்கும் முறையான வேலையில் அவருக்கு இடம் தரவேண்டும்.

குடும்பங்கள் செய்யவேண்டியது இன்னும் சுலபம். பழைய பேட்டரியை வீட்டில் வைத்து உடைக்கக் கூடாது. குழந்தைகள் விளையாடும் இடத்தில் போடக் கூடாது. தெருவில் கூவி வருகிறவரிடம் கொடுக்கக் கூடாது. புதியதை வாங்கும் கடையிலேயே கொடுத்து, பில்லில் அந்தத் தொகை கழிந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.

புதுப் பேட்டரி மாட்டியதும் கார் கிளம்பும். ஆனால், பழைய பேட்டரி சரியான இடத்துக்குப் போய்ச் சேர்ந்தால்தான் வேலை முடியும்.